மன்னாரிற் காண்பனவும் காணாதனவும்

எமது பாடசாலைகள் கல்விச் சுற்றுலா என்ற பெயரில் மேற்கொள்ளும் பயணங்களுள் மன்னார்ப் பயணமும் இப்பொழுது ஒன்றாகிவிட்டது. போர் 2009இல் முடிந்தபின் வீதிகள் திறந்தன. 2010இல் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் புதிய பாலம் திறக்கப்பட்டது. 2015இல் புகையிரதம் மீண்டும் தலைமன்னார்வரை ஓடத் தொடங்கிற்று. கோட்டை, பெருக்குமரம், வெளிச்சவீடு, இராமர் அணையின் மணல்திட்டுகள், அரிப்பிலே கடலோரம் நிற்கும் தேசாதிபதி மாளிகையின் இடிபாடு, மாரிகாலமாயின் வங்காலைப் பக்கத்துக் களப்புகளிற் பூநாரைக் கூட்டம் ஆகிய இவற்றையெல்லாம் ஒரு பகற்பொழுதிற் பார்த்து முடித்து, கடைத்தெருவிற் கருவாடும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிவிடலாம். அண்மையில் உயர்வகுப்பு மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு நாமும் அவ்வாறு சென்றுவந்தோம். அழகான இடங்கள்தாம், அதனை மறுப்பதற்கு நாம் இக்கட்டுரையை எழுத முற்படவில்லை. ஆனால் அரிப்பிலே மாணவனொருவன் கேட்ட கேள்வி இன்றுவரை எம்மை விட்டபாடில்லை.

பூநகரி வழியாக வந்த நாம் தீவுக்குட் புகாமல் முதலிலே தெற்கு நோக்கித் திரும்பி, அருவியாற்றைக் கடந்து அரிப்புக்குச் சென்றோம். கண்டியரசனிடம் ஏறக்குறைய இருபது ஆண்டு சிறையிருந்த றொபேட் நொக்ஸ், 1679ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், தன் தோழனொருவனோடு இவ்வாற்றின் வழியே காடு கடந்து வந்து ஒல்லாந்தரை அடைந்த இடம் இதுவே. ஒல்லாந்தர் கோட்டையிருந்த இடத்துக்குச் சற்று அப்பால், கடல் அரித்துச் செங்குத்தாக வெட்டிய மண்மேட்டின் விளிம்பிலே செங்கற் சுவர்கள் சில நிற்கின்றன. பிரித்தானியரின் முதலாவது இலங்கைத் தேசாதிபதியான பிரெடெரிக் நோர்த், முத்துக்குளிப்புக் காலத்தில் தான் வந்து தங்குவதற்கென்று 1801க்கும் 1804க்கும் இடையிற் கட்டுவித்த மாளிகையின் மிச்சம் அவை. பண்டைக் கிரேக்கரின் டொரிக் என்னும் தூண்முறையைத் தழுவியமையால் ஆங்கிலேயர் அதனை 'டொரிக்' என்றே அழைத்தனர். கொழும்புப் படையினரின் குருவாயிருந்த ஜேம்ஸ் கோடினர் 1807இல் வெளியிட்ட தமது நூலிலே, இலங்கையில் இதனினும் அழகிய கட்டடம் இல்லை என்னும் கருத்துப்படப் புகழ்ந்துள்ளார். ஊரவரோ அதனை அல்லிராணி கோட்டை என்பர். அல்லியின் கதைக்கும் நோர்த்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆயினும் தமக்கு வேண்டாத தேசாதிபதியை அகற்றிவிட்டுத் தமக்கு வேண்டிய இராணியை ஊரவர் அங்கே குடியேற்றியிருப்பது எமக்குப் பிடித்திருந்தது.

நோர்த்தைப் பற்றியும், டொரிக் முறையைப் பற்றியும், சுவரிலே பூசிய சுண்ணம் சிப்பியோட்டைச் சுட்டு எடுத்தது என்பதைப் பற்றியும் நாம் அரைமணி நேரம் விளக்கியிருப்போம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மாணவன் இறுதியிலே, "சேர், தேசாதிபதி இங்கே படுத்தார். முத்துக் குளித்தவர்கள் எங்கே படுத்தார்கள்?" என்றான்.

எமக்கு உடனே விடை சொல்ல இயலவில்லை. வரலாற்றாசிரியன் என்று பெயர் பெற்றவனுக்கு இது வெட்கமே. அன்று சொல்லத் தவறியதை இங்கே ஓரளவுக்குச் சொல்ல முயல்கின்றோம்.

மன்னார்க் குடாவிலே, கரையிலிருந்து பல மைல் தொலைவில், ஐந்து முதற் பத்துப் பாகம்வரை ஆழத்திற் பரந்து கிடக்கும் பாறைத்தளங்களே முத்துப்பார்கள். அவற்றிற் சிப்பி விளைந்த ஆண்டுகளில் மாத்திரம் குளிப்பு நடைபெறும். இதனைச் சலாபம் என்று வழங்குவது பழைய வழக்கு. வாடைக்கும் சோளகத்துக்கும் இடையில் கடல் அடங்கியிருக்கும் மாசி, பங்குனி, சித்திரையே சலாபத்துக்குரிய காலம். நள்ளிரவிலே கரைக்காற்றோடு தோணிகள் புறப்படும். பொழுது புலர்கையிற் பார்மீது நங்கூரமிட்டு நிற்கும். குளிகாரன் முப்பது நாற்பது இறாத்தற் கல்லொன்றிலே காலை ஊன்றிக் கயிற்றைப் பற்றியபடி இறங்குவான். அராபியர் கொம்பினாற் செய்த கவ்வியொன்றை மூக்கில் மாட்டுவர். தமிழர் விரலாலே மூக்கைப் பொத்திக்கொள்வர். அடியை அடைந்ததும் கல்லை மேலே இழுத்துக்கொள்வார்கள். ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை நிமிடம், கைக்கு அகப்பட்ட சிப்பியையெல்லாம் கூடையில் வாரிக்கொண்டு குளிகாரன் கயிற்றை அசைப்பான். தோணியில் நிற்பவன் இழுப்பான். ஒரு நாளில் நாற்பது ஐம்பது முறை இவ்வாறு இறங்கி ஏறவேண்டும். காதாலும் மூக்காலும் குருதி வடிய ஏறியவர்களைக் கோடினர் கண்டிருக்கிறார். கடலடியில் இறங்கியவனுக்குச் சொந்தமாயிருந்தது அவன் மூச்சு ஒன்றே. தோணி பிறருடையது, கடல் அரசாங்கத்துடையது, வீட்டிலே விட்டுவந்த கடன் வட்டிக்காரனுடையது.

சுறாவின் வாயைக் கட்டுவதற்கென்று கடற்கட்டி எனப்படும் மந்திரக்காரன் ஒருவனும் சலாபத்திலே இருந்தான். அவன் கரையில் நின்று மந்திரம் செபியாவிட்டாற் குளிகாரர் நீரில் இறங்கமாட்டார்கள். ஆகவே அவனுக்கு அரசாங்கமே ஊதியத்துக்கு வழி செய்தது. எமது மக்களின் மூடநம்பிக்கைகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய வெள்ளை உத்தியோகத்தர் இந்த ஒரு மூடநம்பிக்கையை மாத்திரம் செலவு செய்து பேணினர். வருமானத்துக்கு உதவுமாயின் மந்திரமும் ஆகும்.

நண்பகலுக்குப்பின் கடற்காற்றிலே தோணிகள் கரைசேரும். வேலியடைத்த பெருங் கொட்டகைக்குட் சிப்பியை மூன்று குவியலாகப் பிரிக்கும்படி குளிகாரருக்குக் கட்டளை. அவற்றுள் அவர்களுடைய குவியல் எது என்பதை உத்தியோகத்தர் சுட்டிக்காட்டுவார். மற்றை இரண்டும் அரசாங்கத்துக்கு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதுவே முறை. குளிகாரருக்குக் கிடைத்த அந்த மூன்றிலொன்றிலும் தோணிக்காரனுக்கும் கயிறு பிடித்தவனுக்கும் பங்குண்டு. அரசாங்கத்தின் பங்கு அன்றிரவே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடப்படும். வாங்கிய செட்டிமாரும் பிற வணிகரும் சிப்பியை நாட்கணக்கில் அழுகவிட்டு, பின்னர் நீரிலே கழுவி முத்தெடுப்பர். கழுவும் கூலியாள் கையை வாயருகே கொண்டுபோகாதபடி காவல் நிற்கும். அந்த நாற்றத்தையும் ஈக்கூட்டத்தையும் பற்றி எழுதாத ஐரோப்பிய யாத்திரிகர் இல்லை. ஆனால் அந்நாற்றத்தினுள்ளே வாரக்கணக்கில் உண்டு உறங்கியவர்களைப் பற்றி எழுதியவர் சிலரே.

அவர்கள் உறங்கிய இடத்துக்கு வருவோம். அரிப்புக்குத் தெற்கே சிலாபத்துறை, கொண்டச்சி, மரிச்சுக்கட்டி என்று கரையோரம் நீள்கிறது. இவ்வெறும் மணலிலே, சலாபம் அறிவிக்கப்பட்டதும், கம்பும் கிடுகும் கொண்டு ஒரு நகரம் எழும். தெருக்கள், கடைகள், நீதிமன்றம், மறியற்சாலை, வைத்தியசாலை, தபால் தந்திக் கந்தோர் யாவும் அதில் உண்டு. பல பத்தாயிரம் பேர் கூடுவர். இரண்டு மாதத்திலே சலாபம் முடிந்ததும் நகரம் கலையும்; அடுத்த மழையிற் கிடுகும் உக்கும். மாளிகைக்கு எடுத்தது செங்கல்லும் சுண்ணமும். குளிகாரருக்கு எடுத்தது தென்னோலை. ஆகவே மாளிகை நின்றது, எமது மாணவர் போய்ப் பார்க்கின்றனர். ஓலைநகரத்தைப் பார்க்க எவரும் போவதில்லை. பார்ப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை.

1905ஆம் ஆண்டுச் சலாபமே பெருஞ்சலாபம். அவ்வாண்டு மரிச்சுக்கட்டியிலே ஏறத்தாழ 5,000 குளிகாரர் இறங்கி 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகளை எடுத்தனர். அரசாங்கத்துக்கு ஏறக்குறைய 25 இலட்சம் ரூபா வருமானம். குளித்தவர்களுள் பாரசீகக் குடாவின் அராபியர் இருந்தனர். கீழக்கரையாரும் தூத்துக்குடிப் பரவரும் இருந்தனர். மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டி முஸ்லிம்களும் இருந்தனர். இவ்வருமானத்தைக் கண்டு வாயூறிய இலண்டன் முதலாளிகள் கம்பனியொன்றைத் தோற்றுவித்து, 1906ஆம் ஆண்டு தொடக்கம் 20 ஆண்டுக் குத்தகைக்கு, ஆண்டொன்றுக்கு 3,10,000 ரூபாவாக, முத்துப்பார்களைப் பெற்றனர். 1906இலும் 1907இலும் குளித்தனர். அதன்பின் சிப்பி இல்லை. கம்பனி குத்தகைக்காலம் முடியுமுன்னரே கைவிட்டுப் போயிற்று. 1925இல் ஒரு பெருங்குளிப்பு நடந்தது. அத்தோடு சலாபத்தின் கதை ஏறக்குறைய முடிந்ததெனலாம். அப்பொழுது யப்பானில் மிக்கிமோட்டோ வளர்த்தெடுத்த முத்துக்கள் உலகச் சந்தையை நிரப்பத் தொடங்கியிருந்தன.

1906ஆம் ஆண்டுச் சலாபத்திலே கடமையாற்றியவர்களுள் யாழ்ப்பாணத்திலிருந்து அனுப்பப்பட்ட இளம் சிவில் சேவை உத்தியோகத்தர் ஒருவரும் இருந்தார். அவர் பெயர் லெனாட் வூல்வ். ஏகாதிபத்தியத்தின் ஊழியனாக வந்து ஏகாதிபத்தியத்தை வெறுத்துத் திரும்பிய அவர், மரிச்சுக்கட்டியிற் கண்டவற்றை வைத்து 'முத்துக்களும் பன்றிகளும்' எனப் பொருள்படும் தலைப்பிலே கதையொன்று எழுதி 1921இல் வெளியிட்டார். அவருடைய 'காட்டினுட் கிராமம்' நாவலைப் படித்தவர் எம்மிடையே பலர். இந்தக் கதையைப் படித்தவர் மிகச் சிலர். வடகரையைப் பற்றிய கதையாதலால் எமது ஆசிரியர்களாவது அதனைத் தேடிப் படித்தல் வேண்டும்.

இவ்விடத்திலே எமது பண்டிதர்களோடு ஒரு சிறு பிணக்கு உண்டு. பாண்டியர் முத்தென்றும் கொற்கை முத்தென்றும் மேடைதோறும் பெருமை பேசுகிறோம். கி.பி. முதலாம் நூற்றாண்டிற் கிரேக்க மொழியில் எழுந்த 'பெரிப்புளூஸ்' என்னும் கடற்பயண நூல், பாண்டியரின் கொற்கையிலே முத்துக்குளிப்புக்குத் தண்டனை பெற்ற குற்றவாளிகள் ஈடுபடுத்தப்பட்டனர் என்று குறிக்கின்றது. வெள்ளையன் வந்த பின்னர்தான் குளிகாரனின் துன்பம் தொடங்கிற்று என்று எண்ணுவோர் இவ்வொரு குறிப்பையும் மனங்கொள்ளுதல் நன்று. அரசன் எம்மவன் என்பதற்காகக் கடலின் ஆழம் குறைந்துவிடுவதில்லை.

மரிச்சுக்கட்டி வரையும் சென்றோம். இன்று அது மீண்டும் ஒரு கிராமம். 'மீண்டும்' என்று சொல்வதற்குக் காரணமுண்டு. 1990 ஒக்டோபரிலே விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும், ஏறத்தாழ 75,000 பேரை, சில மணி நேர, சில நாள் அவகாசத்தில் வெளியேற்றினர். மரிச்சுக்கட்டி மக்களும் போயினர். 1905இற் கடலடிக்கு இறங்கிய எருக்கலம்பிட்டியாரின் பேரர் பூட்டரும் போயினர். எமது மொழியைப் பேசுவோரை எமது மொழியின் பெயரால் அகற்றிய அச்செயலுக்கு முன்னே அன்று வடபுலத்து எழுத்தாளரிற் பெரும்பாலோர் மௌனம் சாதித்தனர். இருபது ஆண்டு கழித்துத் திரும்பியவர்கள் தம் காணியிலே காடு நிற்கக் கண்டனர். 2012இல் அக்காட்டின் பகுதிகள் ஒதுக்குக்காடாக வர்த்தமானியிற் பிரகடனப்படுத்தப்பட்டன. வீடு கட்ட மரம் வெட்டியவன் காடழித்தவனானான். ஓலைநகரம் கலைந்தது போல ஊரும் கலையக்கூடியதே என்பதை அங்குள்ள முதியோருக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

நண்பகலளவிலே பாலத்தைக் கடந்து தீவுக்குட் புகுந்தோம். வாயிலிலேயே கோட்டை. நான்கு கொத்தளம், அகழி, உள்ளே கூரையற்ற தேவாலயம். போர்த்துக்கீசர் 1560இற் கட்டினர். ஒல்லாந்தர் 1658இற் கைப்பற்றி 1696இற் திருத்திக் கட்டினர். ஆங்கிலேயர் 1795இற் பெற்றனர். இவ்வாண்டுகளை மாணவர் எவ்வாறும் மனனஞ் செய்திருப்பார்கள். அவர்கள் அறியவேண்டியது, கோட்டைக்குப் பதினாறு ஆண்டு முன்னர் நடந்தது. 1544இலே, புனித சவேரியார் அனுப்பிய குருவொருவரிடம் மன்னார்ப் பட்டினத்து மீனவ மக்கள் ஞானஸ்நானம் பெற்றனர். யாழ்ப்பாண மன்னன் சங்கிலி படையோடு வந்து ஏறத்தாழ 600 பேரைக் கொன்றான். ஒரு சாரார் அம்மக்களை வேதசாட்சிகள் என்பர். மற்றொரு சாரார் சங்கிலியை அந்நியரை எதிர்த்த வீரன் என்பர். இரு சாராரும் மறப்பது அவர்கள் மீனவர் என்பதை. எதிர்க்கரையிலே முத்துக்குளித்துறைப் பரவர்கள் சில ஆண்டுகளுக்கு முன்புதான் மதம் மாறிப் போர்த்துக்கீசரின் பாதுகாப்பைப் பெற்றிருந்தனர். மன்னார் மீனவர் நாடியதும் அத்தகைய பாதுகாப்பையே என நாம் கருதுகின்றோம். மன்னன் அஞ்சியது தெய்வம் மாறுவதற்கு மாத்திரமன்று. கரையும் அதன் வரியும் கைமாறுவதற்குமே. கொன்ற மன்னனின் பெயரைத் தாங்கிய சிலை யாழ்ப்பாணத்திலே உண்டு. கொல்லப்பட்டவர்களை அவர்களுடைய திருச்சபை இன்றும் நினைவுகூர்கின்றது. எமது பாடநூல்கள் ஒரு வரியிற் கடந்துவிடுகின்றன.

கோட்டையிலிருந்து சிறிது தூரத்திலே, நகரின் நடுவில், 2018ஆம் ஆண்டு கட்டடமொன்றுக்கு அத்திவாரம் வெட்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. மாதக்கணக்கில் அகழ்ந்ததில் 300க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள். சிறுவருடையனவும் அவற்றுள் இருந்தன. போர்க்காலத்திற் காணாமற் போனோரின் தாய்மார் நாள்தோறும் வந்து நின்றனர். அமெரிக்க ஆய்வுகூடமொன்று 2019இல் அளித்த காலக்கணிப்பு, அவ்வெலும்புகளை 15ஆம் நூற்றாண்டுக்கும் 18ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டனவென்றது. தாய்மார் அதனை ஏற்கவில்லை. 1984 டிசெம்பரில் இராணுவத்தினர் மன்னார் வீதியிலே வழிப்போக்கரைச் சுட்டுக் குவித்ததை நினைவிற் கொண்டிருக்கும் ஊரிலே அவ்வவநம்பிக்கை வியப்பன்று. கணிப்புச் சரியென்றே வைத்துக்கொள்வோம். அப்படியாயின் அவர்கள் யார்? கோட்டை கட்டப்பட்ட காலத்தில் அக்கோட்டையின் கண்முன்னே, பெட்டியின்றிப் பெயரின்றி ஒருவர்மேல் ஒருவராகப் புதைக்கப்பட்ட இவர்கள் எந்நோயால், எவர் கையால் மாண்டனர்? காலக்கணிப்பு வந்ததும் பேச்சு ஓய்ந்தது. முந்நூறு ஆண்டுக்கு முந்திய எலும்பாயின் விசாரணை தேவையில்லை என்று பொலிசார் கருதலாம். வரலாற்று மாணவன் கருதலாகாது.

பள்ளிமுனைப் பெருக்குமரத்தடியிலே மாணவர் கைகோத்து நின்று படமெடுத்துக்கொண்டனர். ஆபிரிக்காவிலிருந்து அராபிய வணிகர் கொணர்ந்து நட்டதென்பது வழக்கு. வயது எழுநூறு என்பர். அந்நிழலிலே கழுதைகள் சில நின்றன. மன்னார்த் தெருக்களிற் கழுதை எங்கும் உண்டு; ஒரு காலத்திற் பொதி சுமப்பதற்கென்று கொண்டுவரப்பட்டவற்றின் வழித்தோன்றல்கள். பாரவண்டி வந்த பின்னர் அவற்றைக் கேட்பாரில்லை. இதனை நீட்டி உவமையாக்க நாம் விரும்பவில்லை, பார்த்தவருக்கு விளங்கும்.

மாலை தலைமன்னார். தூர்ந்து துருப்பிடித்த இறங்குதுறை, வெளிச்சவீடு, அப்பாலே இந்தியா நோக்கிச் செல்லும் மணல்திட்டுகள். அனுமார் கட்டிய அணை என்று ஒருவரும் ஆதாம் நடந்த பாலம் என்று இன்னொருவரும் சொல்லக்கூடும். அணையைக் கட்டியவர்களைப் பற்றி நாம் விவாதிக்கப்போவதில்லை. இந்தக் கடலைக் கடந்து வந்தவர்களைப் பற்றியே பேசவேண்டும்.

முற்பகலிற் சொன்ன சலாபத்தின் கதையிலே ஓர் இடைவெளி உண்டு. 1837க்குப் பின் பார்களிலே சிப்பி அற்றுப்போய், 1855 வரை குளிப்பு நடைபெறவில்லை. வருமானம் நின்ற அந்தக் காலந்தான் மலைநாட்டிலே கோப்பித் தோட்டங்கள் பெருகிய காலம். முத்து வராத அவ்வாண்டுகளில் இக்கரைக்கு வந்தவர்கள் மனிதர். தமிழகத்தின் பஞ்சத்தாலும் கடனாலும் துரத்தப்பட்டோர் பாய்க்கப்பல்களிலும் தோணிகளிலும் ஏறித் தலைமன்னாரிலும் அரிப்பிலும் இடைப்பட்ட துறைகளிலும் இறங்கினர். அங்கிருந்து கங்காணியின் பின்னே மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளை வரையும் ஏறத்தாழ 150 மைல் நடை. நடுவிலே நீரற்ற காடு. பேதியும் அம்மையும் காய்ச்சலும் உடன் நடந்தன. விழுந்தவனைத் தூக்கிச் செல்ல எவருமில்லை; தூக்கினவனும் விழுந்தான். 1841 தொடக்கம் மாண்டோர் தொகை 70,000 என்று 1849இற் கொழும்பு 'ஒப்சேவர்' பத்திரிகை மதிப்பிட்டது. அதனை மிகையென்று கருதும் ஆராய்ச்சியாளரும் உளர். பாதியாகவே கொள்க. அப்பாதிக்காயினும் அப்பாதையிலே மாளிகை எதுவும் எழவில்லை. பெருந்தொகையினர் மாண்ட பின்னரே கிணறுகளும் தங்கற் கொட்டகைகளும் வந்தன. கூலி இறந்தாற் கங்காணிக்கு நட்டம், தோட்டத்துக்கு நட்டம் என்ற கணக்குத் தெளிவானதும் கருணையும் பிறந்தது.

1914இலே பாம்பன் பாலமும் தலைமன்னார்ப் புகையிரதப் பாதையும் முற்றுப்பெற்று, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையிற் கப்பல் ஓடத் தொடங்கியது. சென்னையிலிருந்து கொழும்புக்கு ஒரே பிரயாணச்சீட்டு. யாழ்ப்பாணத்துப் படித்தவர்கள் சென்னைக்கும் சிதம்பரத்துக்கும் போனது இவ்வழியாலேதான். எமது முதியோர் அதனைப் பற்றி இனிமையாகக் கதைப்பர். அதே கப்பலிலே, தோட்டத்தின் எண் பொறித்த தகரத்துண்டைத் தாங்கியவர்களும் வந்தனர். நாம் கேட்ட கதைகளில் அவர்கள் வருவதில்லை. ஒரே கப்பலிற் சென்றும் நாம் அவர்களைக் காணவில்லை என்பதே இதன் பொருள்.

1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கிற்று. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தனர். 9,75,000 பேர் கணக்கிடப்பட்டனர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, எஞ்சிய 1,50,000 பிறிதொருகாற் பேசித் தீர்ப்பதற்கு. சிப்பியை மூன்று குவியலாகப் பிரித்த கொட்டகையை மாணவர்கள் அப்பொழுது நினைவுகூர்ந்தார்கள். நாம் சொல்லவில்லை, அவர்களே சொன்னார்கள். எந்தக் குவியல் தம்முடையது என்று கேட்கும் உரிமை இங்கேயும் அவர்களுக்கு இருக்கவில்லை. ஒப்பந்தம் நிறைவேறி இரு மாதமாகுமுன், டிசெம்பர் 22ஆம் நாள் இரவு, பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது, புகையிரதமொன்று பயணிகளோடு கடலுள் ஆழ்ந்தது, தலைமன்னாரும் தாக்குண்டது. பின்னர் கப்பல் இராமேஸ்வரத்துக்கு ஓடிற்று. மலைநாட்டுப் புகையிரத நிலையங்களிலே ஒப்பாரியோடு ஏற்றப்பட்டவர்கள் இந்த இறங்குதுறையிலேதான் இந்நாட்டு மண்ணைக் கடைசியாக மிதித்தனர். 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இவ்வாறு போயினர். பாட்டன் இறங்கி நடந்த கரையிலிருந்து பேரன் ஏறிச் சென்றான். 1980களிலே போர் முற்றக் கப்பல் நின்றது. ஆயினும் கடலைக் கடப்பது நிற்கவில்லை. வள்ளங்களிலே அகதிகள் அதே திசையிற் சென்றனர்.

2023 யூலை இறுதியிலே, மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டு நிறைவதை நினைத்து, பல இனத்தையும் சேர்ந்த ஆண்களும் பெண்களும் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை பழைய பாதையிலே நடந்தனர். இரு வாரத்துக்கு மேற்பட்ட நடை. எமது மாணவருள் ஒருத்தியின் பாட்டி அதிற் சிறிது தூரம் நடந்ததாக அவள் சொன்னாள். அதுவரை அவள் குடும்பத்தின் பூர்வீகம் தோட்டம் என்பதை வகுப்பில் எவரும் அறிந்திருக்கவில்லை. யாழ்ப்பாணத்து வகுப்பறையில் அவள் அதனைச் சொல்லாதிருந்தமைக்குக் காரணம் என்ன என்பதை எம்மைப் போன்ற ஆசிரியர்கள் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கரையிலே இழுத்து வைத்திருந்த வள்ளங்களுக்கிடையில் மீனவர் சிலர் கடதாசி விளையாடிக்கொண்டிருந்தனர். காற்று நன்றாயிருந்தும் ஏன் கடலுக்குப் போகவில்லை என்று மாணவர் கேட்டனர். வாரத்தில் மூன்று இரவுகள் அக்கரையின் இழுவைப்படகுகள் வரும் என்றும், அவ்விரவுகளில் வலை விட்டால் வலையே மிஞ்சாதென்றும் அவர்கள் சொன்னார்கள். கடலடியை வழித்துச் செல்லும் இழுவைமடி இந்நாட்டிலே 2017ஆம் ஆண்டுச் சட்டத்தாற் தடைசெய்யப்பட்டுள்ளது. சட்டம் கரையோடு நிற்கின்றது. படகின் சொந்தக்காரன் அக்கரையிலே மாடிவீட்டில் இருக்கிறான். பிடிபட்டு மறியற்சாலைக்குப் போகிறவன் அவனுடைய கூலியாள். இதனைச் சொன்ன மீனவர், அக்கூலியாட்களைப் பற்றிக் கோபமாகப் பேசவில்லை. அவர்களுட் சிலரோடு 1990களிலே மண்டபம் அகதிமுகாமிற் கூடியிருந்தவராம். தாமும் அக்காலத்தில் அப்படகுகளிலே கூலிக்குப் போனதாகச் சொன்னார்.

பஸ் சாரதி குழலூதி அழைத்தார். அன்று சனிக்கிழமை. நாம் ஏறும்போதே தொலைவிலே, இராமர் அணைக்கு அப்பால், விளக்குகள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கின. மாணவர் அவற்றை எண்ணினர். நாற்பதுக்கு மேல் எண்ண இயலவில்லை.